பாதி படிச்ச புஸ்தகம்

கொஞ்சம் தள்ளி உட்காருங்க தம்பி, இந்தப் பையை மடியில வெச்சுக்கிறேன். ஜன்னலைச் சாத்த வேண்டாம், காத்து வரட்டும். மதுரைக்குத்தானே? நாங்களும் மதுரைக்குத்தான். நாங்கன்னா நானும் எங்க வீட்டம்மாவும். அந்தா, டிரைவருக்குப் பின்னால மூணாவது சீட்டு, பச்சைச் சேலை. தவமணி. பஸ்ல ஏறினதும் விறுவிறுன்னு போய் பொம்பளைங்க சீட்டுல உட்கார்ந்துட்டா. பின்னால ரெண்டு பேர் உட்காருற சீட்டு காலியாத்தான் கிடந்துச்சு, கையைக் காட்டிக் கூப்பிட்டேன். கண்டுக்கலை.

உங்க செருப்பு எங்க வாங்குனது? கோவிச்சுக்காதீங்க, தொழில் புத்தி. வலது குதிகால் வெளிப்பக்கம் தேஞ்சிருக்கு பாருங்க. சாய்ச்சு நடக்குறீங்க. நம்ம கடைக்கு வாங்க, ஒரு நல்ல ஜோடி தர்றேன். ஜோதி காலணியகம். எங்க ஊர்ல போலீஸ் ஸ்டேஷனுக்கு நேர் எதிர்க்க. என் பேரு பரஞ்சோதி, யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. நான் என் செருப்பைக் கழட்டி ஓரமா விட்டுட்டேன், மிதிச்சிடாதீங்க. பஸ்ல ஏறினா செருப்போட உட்கார எனக்கு வராது.

ஸ்டேஷனுக்கு எதிர்க்க கடை வெச்சவன் பாடு உங்களுக்குத் தெரியாது. போலீஸ்காரங்க எங்க போய் எதைப் பிடிச்சாலும் ஊர்க்காரங்க ரெண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போடணும். அவங்க எங்கிட்டுப் போவாங்க? ரோட்டைத் தாண்டினா நான் இருக்கேன். சாராயம் பிடிச்சா பரஞ்சோதி. சீட்டாட்டம் பிடிச்சா பரஞ்சோதி. மணல் லாரி பிடிச்சா அதுக்கும் பரஞ்சோதி. நான் பார்த்தேனா பார்க்கலையாங்கறது வேற விஷயம். ஏட்டையா தங்கப்பழம் பேப்பரை நீட்டுவாரு, நான் போட்டுக் குடுப்பேன். ஊர்ல ஒரு மரியாதை இருக்குல்ல, அதை விடுவானேன்.

இப்போ திரும்பிப் பார்த்தாளா? இல்லையா? பார்த்த மாதிரி இருந்துச்சு.

போன ஆடி மாசம் மேலிடத்துல இருந்து ஒரு உத்தரவு வந்துச்சு தம்பி. ஆபாச ஒழிப்பு வாரம்னு. பேனர் கட்டினாங்க, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வெயில்ல ஊர்வலம் விட்டாங்க. ஸ்டேஷனுக்கு ஒரு கேஸாவது போட்டாகணும்னு சொல்லிட்டாங்களாம். ஏட்டையா வந்து என் கடையில உட்கார்ந்து தலையில கையை வெச்சுக்கிட்டாரு. “அண்ணாச்சி, எதைப் பிடிக்கச் சொல்றீங்க? கருமம் எல்லாம் செல்போன்ல ஓடுது. செல்போனுக்கு எப்படிச் சீல் வைக்கிறது?”ன்னாரு. நியாயம்தானே? எங்க வியாபாரிகள் குரூப்புலயே கண்டதையும் அனுப்புறானுங்க. ஏட்டையாவும் அதுல இருக்காரு. காலையில கடை திறந்ததும் பார்த்துச் சிரிச்சுட்டு அழிச்சிடுவோம். அது வேற, ஆம்பளைங்களுக்குள்ள. யார் வீட்டுக்கும் கொண்டு போறதில்லை.

அப்போதான் யாரோ ஏகாம்பரம் கடையைச் சொன்னாங்க. பஸ் ஸ்டாண்டு சந்துல புஸ்தகக் கடை வெச்சிருந்தான். நல்ல பையன்தான், பையன்னா என்ன, நாற்பத்தஞ்சு இருக்கும். கைடு, நோட்டு, பஞ்சாங்கம், சாமி பாட்டு. அதோட ஒரு புஸ்தகம் போட்டிருக்கான். போட்டிருக்கான்னா அவனே அச்சடிச்சு வித்திருக்கான். மங்களவல்லின்னு ரிட்டையர் ஆன ஒரு லேடி டாக்டர் எழுதினது. பொம்பளை உடம்பைப் பத்தி. உள்ள படம் வேற. படம்னா போட்டோ இல்லை, கோடு கோடா வரைஞ்சது. ஆனாலும் என்னன்னு தெரியுதுல்ல?

போலீஸோட நாங்க போனப்போ அவன் ஒரு பொண்ணுக்குப் பரீட்சை அட்டை எடுத்துக் குடுத்துக்கிட்டு இருந்தான். எஸ்.ஐ. உள்ள பூந்து அத்தனையையும் அள்ளிட்டாரு. சாக்குல கட்டினாங்க. ஏகாம்பரம், “சார், இது வைத்தியப் புஸ்தகம் சார், ஒரு பக்கம் படிச்சுப் பாருங்க சார்”னு பின்னாலயே வந்தான். யார் படிக்கிறது? ஏட்டையா மட்டும் ஒண்ணைப் பிரிச்சுப் பார்த்துட்டு, “அண்ணாச்சி, இதைப் பாருங்க”ன்னாரு. பார்த்தேன். கட்டில்ல பொம்பளைக்கும் ஆசை உண்டாம். வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லலாமாம். வேணும்னா வேணும்னும் வாய்விட்டுச் சொல்லலாமாம்! சந்து முக்குல நின்னு படிச்சுட்டு எனக்குக் காது சுட்டுருச்சு. கையெழுத்தைப் போட்டேன். கடைக்குச் சீல் வெச்சாங்க. வாரக் கடைசியில மேடை போட்டு எனக்குப் பொன்னாடை போர்த்தினாங்க, போட்டோ கடையில மாட்டியிருக்கேன்.

சாக்கு ஸ்டேஷனுக்குப் போகும்போது இருந்த கனம் மறுநாள் இல்லைன்னு ஒரு பேச்சு. ஆளாளுக்கு ஒண்ணு உருவிட்டாங்க. சரி, அதை விடுங்க.

என்ன பஸ்ஸு இது, ஆமை மாதிரி போகுது? டிரைவர் தூங்குறானா? ஆஸ்பத்திரியில டாக்டர் பதினோரு மணி வரைக்கும்தான் புது ஆளைப் பார்ப்பாங்களாம். இன்னும் எவ்வளவு தூரம் இருக்கு? நீங்க அடிக்கடி போறவரா? கொஞ்சம் டயத்தைப் பார்த்துச் சொல்லுங்க.

கதையைச் சொல்றேன். எங்க வீட்டம்மா நல்ல மனுஷி தம்பி. என் முன்னால குரலை உசத்திப் பேசினது கிடையாது. அந்த ஆடி மாசம் மட்டும் ஒரு மாதிரி இருந்தா. ஒருநாள் என்கிட்ட, “இன்னிக்கு வேண்டாம், எனக்கு உடம்புக்கு முடியலை”ன்னா. புரியுதுல்ல? நீங்களும் குடும்பஸ்தன்தானே. கட்டின நாள்ல இருந்து அப்படி ஒரு வார்த்தை அவ வாயில வந்ததில்லை. நான் திகைச்சுப் போயிட்டேன். உடம்புக்கு என்னன்னு நான் கேட்கலை. என்ன கேட்கிறது? பொம்பளைங்க சமாச்சாரம், ஆயிரம் இருக்கும்.

அடுத்த வாரம் வத்தல் டப்பாவை எடுக்கப் பரண்ல கையை விடுறேன், கையில தட்டுப்படுது அந்தப் புஸ்தகம்! அதே அட்டை. என் வீட்டுல! நாடு பூரா ஒழிக்கச் சொல்லி நான் கையெழுத்துப் போட்டது, என் பரண்ல இருக்கு. எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க. “எங்க வாங்குனே?”ன்னு ஒரு சத்தம் போட்டேன். “ஏகாம்பரம் அண்ணன் கடையிலதான். நானேதான் போய் வாங்குனேன்”ன்னா. பதறவே இல்லை. வெந்நீர் அடுப்பு எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. உள்ள போட்டேன். அட்டை வழவழன்னு இருந்ததால சட்டுன்னு பிடிக்கலை, குச்சியை வெச்சுக் குத்தித் தள்ளினேன். அவ நின்னு பார்த்துக்கிட்டே இருந்தா. அழலை, கையைப் பிடிக்கலை. கடைசியில, “பாதிதான் படிச்சிருந்தேன்”ன்னா. அவ்வளவுதான்.

அன்னையில இருந்து பேச்சு சுருங்கிப் போச்சு. சோறு வரும், குழம்பு வரும், துணி மடிச்சு வரும், பேச்சு மட்டும் வராது. நானும் எத்தனையோ பண்ணிப் பார்த்தேன். புதுசா வந்த மெத்து மெத்துன்னு இருக்குற செருப்பு, அதுல ஒரு ஜோடி கொண்டு போய்க் குடுத்தேன். போட்டுக்கிட்டா. நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை? ஊஹூம்.

பொங்கலுக்கு முன்னால அவ பாதம் வெளுத்துப் போயிருந்துச்சு. எனக்குக் காலைப் பார்த்தா தெரிஞ்சிரும் தம்பி, அதானே நம்ம பொழைப்பு. கணுக்கால்ல லேசா வீக்கம். மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குது. நான் கல்நெஞ்சுக்காரன் இல்லை. அன்னைக்கே கடையைச் சாத்திட்டு எங்க ஊர் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். டாக்டர் அவளைப் பார்த்து, “என்னம்மா செய்யுது?”ன்னாரு. அவ என்னைப் பார்த்தா. அவ எங்க பேசப் போறான்னு நானே முந்திக்கிட்டு, “கால் வீக்கம், அசதி சார்”னு சொன்னேன். வேற ஏதாவது உண்டான்னு கேட்டாரு. “வேற ஒண்ணும் இல்லை சார்”னேன். ரத்தம் கம்மின்னு சொல்லி சத்து மாத்திரை எழுதிக் குடுத்தாரு. வேளை தவறாம வாங்கிக் குடுத்தேன், இன்னைக்கு வரைக்கும்.

தண்ணி குடிக்கிறீங்களா? எனக்குத் தொண்டை வறண்டு போச்சு. அவகிட்ட பாட்டில் இருக்கா என்னன்னு தெரியலை. பஸ் நிக்கும்போது போய்க் குடுத்துட்டு வரணும்.

கேஸு இந்த மாசம்தான் சாட்சி விசாரணைக்கு வந்துச்சு. எனக்கு உள்ளுக்குள்ள ஒரே உதைப்பு. எதுக்குன்னு கேளுங்க. ஏகாம்பரம் கூண்டுல நின்னு, “ஐயா, சாட்சி சொல்ல வந்த இவர் சம்சாரமே என்கிட்ட ஒண்ணு வாங்கியிருக்கு”ன்னு ஒரு வார்த்தை சொன்னான்னா என் மானம் என்ன ஆகுறது? போர்த்தின பொன்னாடையைத் தலையில போட்டுக்க வேண்டியதுதான். அது போதாதுன்னு இவ வேற, “நானும் கோர்ட்டுக்கு வர்றேன்”ன்னு கிளம்பிட்டா. ஏன்டி, எதுக்குடின்னு கேட்டா, செருப்பை மாட்டிக்கிட்டு முன்னால நடக்குறா.

ஜட்ஜும் பொம்பளை, ஏகாம்பரத்துக்கு வந்த வக்கீலும் பொம்பளைப் பிள்ளை. சின்ன வயசு. முதல்ல பணிவாத்தான் ஆரம்பிச்சுச்சு. “ஐயா, இந்தப் புஸ்தகம் ஆபாசம்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க. படிச்சீங்களா?”

“நான் எதுக்கும்மா படிக்கணும்? நான் கௌரவமான குடும்பத்துக்காரன்”னேன்.

“படிக்காம எப்படித் தெரிஞ்சுச்சு?”

“போலீஸ் பிடிச்சாங்க. பிடிச்சா ஆபாசம்தானே?”

பின்னால சிரிக்குறாங்க. ஜட்ஜம்மா அதட்டினாங்க. அந்தப் பிள்ளை விடலை. மனுஷன் உடம்பைப் பத்திப் பேசவும் எழுதவும் எல்லாருக்கும் உரிமை இருக்கு, கெட்ட எண்ணத்தைக் கிளப்பினாத்தான் ஆபாசம், இதுல எந்த வரி உங்களுக்குக் கெட்ட எண்ணத்தைக் கிளப்பிச்சு, காட்டுங்கன்னு புஸ்தகத்தை நீட்டுது. பேசட்டும் தம்பி, யார் பேச வேண்டாம்னது? எல்லாத்தையும் பேசிடணுமா? அதுக்கு ஒரு இடம் வேண்டாமா? நான் கையைக் கட்டிக்கிட்டேன். “பொம்பளைங்க இருக்குற இடத்துல நான் அதைத் தொட மாட்டேன்”னு சொல்லிட்டேன்.

“சரி, நான் படிக்கிறேன், ஆபாசமா இல்லையான்னு நீங்க சொல்லுங்க”ன்னு ஏதோ ஒரு பக்கத்தைப் பிரிச்சுச்சு. பின்பாதியில இருந்து. கோர்ட்டே கேட்குற மாதிரி படிக்குது. தீட்டு அடியோட நின்னு ஒரு வருஷம் தாண்டின பொம்பளைக்குத் திரும்ப ரத்தம் பட்டா, ஒரு சொட்டுன்னாலும் அது சாதாரணம் இல்லையாம். தானா நின்னுரும்னு காத்திருக்கக் கூடாதாம். உடனே டாக்டர்கிட்ட போகணுமாம். அதுக்கப்புறம் இருக்கு பாருங்க ஒரு வரி, அது எனக்கு மனப்பாடமே ஆயிருச்சு. “புருஷனிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால், புருஷன் இல்லாமல் போங்கள்.”

இதைவிட என்னங்க ஆபாசம் வேணும்? “இதான்மா ஆபாசம்”னு கூண்டுல இருந்து கத்திட்டேன். ஜட்ஜம்மா பேனாவைக் கீழே வெச்சுட்டு என்னையே பார்த்தாங்க. நான் ஏகாம்பரத்தைப் பார்த்தேன். இப்போ சொல்லிருவான், இப்போ சொல்லிருவான்னு இருக்கு எனக்கு. அவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னான். சொல்லலை தம்பி. அவன் கடை சீல் வெச்சுக் கிடக்கு, மாவு மில்லுல கூலிக்குப் போறான், சொல்லியிருந்தா அவனுக்கு ஒத்தாசையாக்கூட இருந்திருக்கும். சொல்லலை. அது ஏன்னு எனக்கு இன்னும் விளங்கலை.

தீர்ப்பு அடுத்த மாசமாம். எது வந்தா எனக்கென்ன.

வெளிய வந்து பார்க்குறேன், இவ அந்த வக்கீல் பிள்ளைகிட்ட வேப்பமரத்தடியில நின்னு பேசிக்கிட்டு இருக்கா. என்கிட்ட பேசாதவ, அதுகிட்ட என்னமா பேசுறா! கையை ஆட்டி, கண்ணைத் துடைச்சு. அந்தப் பிள்ளை அவ தோள்ல கையை வெச்சிருக்கு. நான் பக்கத்துல போனதும் ரெண்டு பேரும் நிறுத்திட்டாங்க. வீட்டுக்கு வர்ற வழியில, “வெள்ளிக்கிழமை மதுரைக்குப் போறேன். ஆஸ்பத்திரிக்கு”ன்னா. போறோம்னு சொல்லலை, போறேன்னா. எந்த ஆஸ்பத்திரி, என்ன உடம்புன்னு கேட்டேன். “தெரியாதா உங்களுக்கு?”ன்னா.

எனக்கு எப்படித் தெரியும்? யாராவது சொன்னாத்தானே தெரியும்? அவ வாயைத் திறந்து என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னாளா? துணியை எல்லாம் அவளே விடியறதுக்குள்ள துவைச்சுப் போட்டுடுறா. கொடியில எந்த நேரமும் பழைய சேலைக் கிழிசல் காயுது, நான் வீடு துடைக்கன்னு நினைச்சேன். ஒரு மனுஷன் எதையெல்லாம் கவனிப்பான்?

பயமா இருக்கு தம்பி. சொல்றதுக்கு என்ன, பயமாத்தான் இருக்கு. அவ இல்லாம எனக்கு ஒரு டம்ளர் எங்க இருக்குன்னுகூடத் தெரியாது. காலையில இருந்து வயித்துல எதுவும் இறங்கலை. அங்க போனா டாக்டர் கேட்பாங்க, என்ன செய்யுதுன்னு. என்னன்னு சொல்றது? அந்த வார்த்தையெல்லாம் என் வாயில வராது. ராத்திரி பூரா யோசிச்சு வெச்சிருக்கேன், “பொதுவா உடம்பு சரியில்லை, நல்லா பார்த்துச் சொல்லுங்கம்மா, செலவைப் பத்திக் கவலையில்லை”ன்னு சொல்லிடலாம்னு. போதும்ல? டாக்டருக்குப் படிச்சவங்க, கண்டுபிடிச்சுற மாட்டாங்களா? நீங்க படிச்சவர் மாதிரி இருக்கீங்க. அப்படிச் சொன்னாப் போதும்தானே?

என்ன ஜன்னல் பக்கம் திரும்பிட்டீங்க?

இந்தா, மதுரை வந்துருச்சு போல. கண்டக்டர் ஏதோ கேட்குறாரு. என்னையா? ஆமாங்க, ஆஸ்பத்திரி ஸ்டாப்பு ரெண்டு டிக்கெட்டு நான்தான் எடுத்தேன். எந்த ஆஸ்பத்திரியா? அதாங்க, பெரிய ஆஸ்பத்திரி. கண்ணா? கண்ணு இல்லைங்க. எலும்பும் இல்லை. அது வந்து… இவங்களுக்குக் கொஞ்சம் உடம்பு… நீங்க ஏதாவது ஒரு ஆஸ்பத்திரிகிட்ட நிறுத்துங்க, நாங்க விசாரிச்சுக்கிறோம். அதெல்லாம் உங்களுக்கு எதுக்குங்க, சத்தம் போடாதீங்க, பஸ்ல பொம்பளைங்க இருக்காங்க…

ஐயோ, இவ எதுக்கு எந்திரிக்கிறா?

கேட்டீங்களா? கேட்டீங்களா தம்பி? எத்தனை பேர் இருக்குற பஸ்ல! “கர்ப்பப்பை பார்க்குற ஆஸ்பத்திரிங்க. எனக்குத் தீட்டு நின்னு மூணு வருஷம் ஆச்சு, இப்போ ஒரு வருஷமா ரத்தம் போகுது. எங்க இறங்கணும்?” எப்படிக் கேட்குறா பாருங்க, தக்காளி விலை கேட்குற மாதிரி! என் மானமே போச்சு. அந்தக் கண்டக்டரும் கூசாம பதில் சொல்றான், “அடுத்த ஸ்டாப்புதான்க்கா, எங்க மதினியை அங்கதான் காட்டினோம், இறங்கி இடது கைப்பக்கம் போங்க”ன்னு. யாராவது திரும்பிப் பார்க்குறாங்களா? ஒருத்தராவது சிரிக்கிறாங்களா? பக்கத்துச் சீட்டு அம்மா அவ பையை வாங்கி வெச்சுக்கிட்டு வழி விடுறாங்க. நான் மட்டும்தான் இங்க வேர்த்து உட்கார்ந்திருக்கேன்.

எல்லாம் அந்தப் புஸ்தகம் பண்ற வேலை. அவ படிக்காத பாதியை நான் எரிச்சா, அதையே கோர்ட்டுல வெச்சு அவ காதுல ஊதிட்டாங்க. நான் சொல்றேன், அதைத் தடை பண்ணினது சரிதான். இப்போ வந்து கேட்டாலும் கையெழுத்துப் போடுவேன். ஒரு வருஷமாவா? ஒரு வருஷமான்னா சொன்னா அவ?

ஒரு வருஷம்னா… போன ஆடி…

நிறுத்திட்டான். இறங்குறா. ஏ தவமணி, இரு! என்னமோ சொல்றா, என்ன சொல்றா? “வர்றதுன்னா வாங்க. ஆனா உள்ள நான்தான் பேசுவேன்.” கேட்டீங்களா அதை? சரிடி, நீயே பேசு, நான் வாயே திறக்கலை, கொஞ்சம் நில்லு! தம்பி, காலை எடுங்க, வழி விடுங்க. என் செருப்பு எங்க? இங்கதானே கழட்டி விட்டேன், எங்கிட்டுப் போச்சு? சரி, கிடக்கட்டும் போ. யோவ் கண்டக்டர், விசிலைக் குடுத்துடாதய்யா, நானும் இறங்கணும்!